பம்பை மாத்தறதுக்கு முன்னாடி பழைய பம்பைப் பிரிச்சுப் பாருங்க

பழைய அம்பாசடரோ பத்மினியோ வச்சிருக்கறவங்க யாராவது உங்க சொந்தத்துல இருப்பாங்க. தாத்தா வாங்கின வண்டி, விக்க மனசு வராம ஷெட்ல நிக்கும். ஞாயித்துக்கிழமை எடுத்து ஓட்டுவாங்க. "பெட்ரோல் பம்ப் திரும்பவும் போயிடுச்சுப்பா, இது மூணாவது"ன்னு அவங்க புலம்பறதையும் கேட்டிருப்பீங்க. (நான் சொல்றது பெட்ரோல் பங்க் இல்லீங்க. எஞ்சின் பக்கத்துல உக்காந்துக்கிட்டு டேங்க்ல இருந்து கார்புரேட்டருக்கு பெட்ரோலை இழுத்துக் கொடுக்குற சின்ன பம்ப்.) இந்தப் பதிவு அவங்களுக்காக. கார் இல்லாதவங்களும் படிக்கலாம். கடைசியில விஷயம் எங்க மக்காச்சோளக் காட்டுக்குத்தான் வந்து சேரும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரே பாகம் ரெண்டாவது தடவையும் போச்சுன்னா, குத்தம் பெரும்பாலும் அந்தப் பாகத்து மேல இருக்காது. சுத்தி இருக்கற வேற ஏதோ ஒண்ணு அதைக் கெடுக்குது. அது என்னன்னு பாக்காம புதுசு வாங்கி மாட்டறது ரிப்பேர் இல்ல, தள்ளிப்போடறது.

கிராமத்துல இதை நாங்க நிறையப் பாத்திருக்கோம். போர்வெல் மோட்டார்ல காயில் போகும். மேல தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்குவாங்க. நாலு மாசத்துல மறுபடியும் போகும். வோல்டேஜ் குறைவா வருதா, மூணு பேஸும் ஒழுங்கா இருக்கா, தண்ணி இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடுதான்னு பாக்கறவங்க குறைவு. காயில் கட்டறவர் மேல பழி போட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. காரும் அதே கதைதான்.

எங்க சித்தப்பாவோட அம்பாசடர்ல நடந்தது இது. 1986 மாடல் பெட்ரோல் வண்டி, 1489 சிசி எஞ்சின். அம்பாசடர் உத்தர்பாரா ஃபேக்டரியில 2014-லயே நின்னுபோச்சு. அதனால கம்பெனி சர்வீஸ்னு ஒண்ணு கிடையாது. டவுன்ல ஒரு பட்டறையில விட்டு எடுப்பார். பதினாலு மாசத்துல மூணு பம்ப் மாறுச்சு. ஒவ்வொரு தடவையும் பட்டறையில சொன்ன பதில் ஒண்ணுதான்: "இப்ப வர்ற ஸ்பேர் எல்லாம் டூப்ளிகேட்டுங்க." சித்தப்பாகிட்ட ஒரு நல்ல பழக்கம், மாத்தின பாகத்தை அங்கேயே விட்டுட்டு வரமாட்டார். மூணு பம்பும் ஒரு பிஸ்கட் டின்ல பத்திரமா இருந்துச்சு.

அந்த டின்னை எடுத்துக்கிட்டு, பஸ் டிப்போவுல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு மெக்கானிக்கிட்ட போனோம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க."

அவர் கண்டுபிடிச்சதைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்த பம்ப் எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. கேம் ஷாஃப்ட்ல ஒரு மேடு இருக்கு. அது சுத்தும்போது பம்போட லீவரைத் தள்ளும். லீவர் உள்ளே இருக்கற டயாப்ரத்தைக் கீழே இழுக்கும். துணி மேல ரப்பர் ஏத்தின வட்டமான தகடுதான் டயாப்ரம். அது கீழே போகும்போது டேங்க்ல இருந்து பெட்ரோல் உள்ளே வரும். பிறகு அடியில இருக்கற ஸ்பிரிங் டயாப்ரத்தை மேலே தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். வந்தது திரும்பிப் போகாம இருக்க ரெண்டு சின்ன வால்வு. அவ்வளவுதான். கேம் ஷாஃப்ட் எஞ்சினோட பாதி வேகத்துல சுத்தும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுத்து சுத்தினா லீவர் 1200 தடவை அசையும். ஒரு மணி நேரத்துல 72,000 தடவை. இவ்வளவு வேலை செய்யுற ரப்பருக்கு, நாம சின்னதா நினைக்கற குறை கூட பெரிய குறைதான்.

இப்ப டின்னுக்கு வருவோம்.

முதல் பம்பைப் பிரிச்சா டயாப்ரம் ஊதிப்போய், விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ரப்பர் துணியை விட்டு உரிஞ்சு வந்துச்சு. கடையில வருஷக்கணக்கா கிடந்த பழைய சரக்கு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குன்னு செஞ்ச ரப்பர். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த ரப்பர் இதைக் குடிச்சுக் குடிச்சு ஊதும், காய்ஞ்சா விறைச்சு வெடிக்கும்.

ரெண்டாவது, புது பம்ப் இல்ல. பழைய பாடிக்குள்ள கிட் வாங்கிப் புது டயாப்ரம் போட்டது. ரப்பர் நல்லாவே இருந்துச்சு. ஆனா ஸ்குரூ வரிசையை ஒட்டி ஓரமா, கத்தியில அறுத்த மாதிரி வட்டமா கிழிஞ்சிருந்துச்சு. இது போட்ட கையோட தப்பு. டயாப்ரம் மாத்தும்போது லீவரை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஸ்குரூவை முறுக்கணும். அப்பத்தான் ரப்பர் கீழே போயிட்டு வர்றதுக்குத் தேவையான தளர்வு இருக்கும். லீவரை விட்டுட்டு முறுக்கினா ரப்பர் பறை மாதிரி விறைப்பா நிக்கும். ஒவ்வொரு இழுப்புலயும் ஓரத்துல வலிக்கும், சில மாசத்துல கிழியும்.

மூணாவது பம்ப்ல டயாப்ரத்துக்கு ஒண்ணுமே இல்ல. வால்வுல கடுகளவு துரு மாட்டியிருந்துச்சு. துரு எங்கிருந்து வந்துச்சு? டேங்க்ல இருந்து. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கா ஓட்டாம நிறுத்தற வண்டியில, ஈரம் ஒரு அளவைத் தாண்டினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிடும். பம்ப் இழுக்கறதும் அடியிலிருந்துதான். அதோட டேங்க் மூடியை எப்பவோ மாத்தியிருக்காங்க, புது மூடியில காத்து ஓட்டை இல்ல. காத்து உள்ளே போகாம பெட்ரோல் எப்படி வெளியே வரும்? மூடியைத் திறந்தப்ப 'உஸ்'னு ஒரு சத்தம் வந்துச்சு. அந்த இழுப்பை எதிர்த்துத்தான் பம்ப் இவ்வளவு நாளா மல்லுக்கட்டியிருக்கு.

ஒருத்தருக்கு மூணு தடவை காய்ச்சல் வந்தா, மூணும் ஒரே வியாதின்னு சொல்லிட முடியுமா? இங்கேயும் அப்படித்தான். முதல்ல பெட்ரோல், ரெண்டாவது போட்ட கை, மூணாவது டேங்க். பட்டறையில மூணுக்கும் ஒரே பேரு வச்சாங்க, 'டூப்ளிகேட்'. அந்த ஒரு வார்த்தை மூணு காரணத்தையும் மூடி மறைச்சிடுச்சு. டூப்ளிகேட் சரக்கே கிடையாதுன்னு நான் சொல்லவரல, தாராளமா இருக்கு. ஆனா பிரிச்சுப் பாக்காம அந்த முடிவுக்கு வரக்கூடாது.

அதனால பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துடுங்க. எதுக்கும் பெரிய செலவு இல்ல.

வண்டி தடுமாறும்போது டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்க. சரியாச்சுன்னா கோளாறு மூடியில. உச்சி வெயில்ல நின்னுபோச்சுன்னா பம்ப் மேல ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. உடனே கிளம்பிச்சுன்னா பம்ப் சாகல, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி லைன் அடைச்சிருக்கு. பம்புக்கு வர்ற ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்க. விரிசல் இருந்தா பெட்ரோலுக்குப் பதிலா காத்தைத்தான் இழுக்கும். அடுத்து மெக்கானிக்கை வச்சு, டேங்க் லைனைக் கழட்டிட்டு ஒரு சுத்தமான கேன்ல இருந்து பம்புக்கு பெட்ரோல் கொடுத்துப் பாருங்க. அப்ப நல்லா ஓடினா டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் எங்கேயோ கோளாறு. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங் எவ்வளவு தடிமன் இருந்துச்சோ அதே தடிமன்லதான் புதுசும் போடணும். அது மாறினா லீவர் அசையற தூரமே மாறிடும்.

ஒண்ணை மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க. ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சாலோ, ஊத்தாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, டயாப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் எஞ்சினுக்குள்ள இறங்குது. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் நீத்துப்போய் பேரிங்கைத் தின்னுடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

இப்ப மக்காச்சோளத்துக்கு வர்றேன். கரும்புல இருந்தும், உடைஞ்ச அரிசியில இருந்தும், மக்காச்சோளத்துல இருந்தும்தான் இந்த எத்தனால் வருது. நான் மக்காச்சோளம் போடறவன். முன்னாடி கோழித்தீவனக்காரங்க மட்டும் கேட்டுவந்த சரக்கை இப்ப எத்தனால் ஆலையும் கேக்குது. வாங்கறதுக்கு ஆள் கூடினா விக்கறவனுக்கு நல்லதுதான். அதனால எத்தனாலே வேண்டாம்னு சொல்ற கூட்டத்துல நான் இல்ல.

ஆனா என் வயல்ல விளைஞ்சது என் சித்தப்பா வண்டியைக் கெடுக்குதுன்னா, அதையும் பேசித்தானே ஆகணும்? 2022-ல 10 சதவீதம். 2030-க்குன்னு வச்சிருந்த 20 சதவீதத்தை 2025-க்கே கொண்டு வந்துட்டாங்க. புது வண்டி அதைத் தாங்கற மாதிரி வருது. பழசோட கதி? சில பழைய வண்டிகள்ல 20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடினதும் சில ரப்பர் பாகங்களை மாத்த வேண்டியிருக்கலாம்னு பெட்ரோலியத் துறையே 2025-ல சொல்லுச்சு. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பங்க்ல வைக்கச் சொல்லிப் போட்ட வழக்கை அதே வருஷம் செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு.

இது அம்பாசடர் வச்சிருக்கறவங்க பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. எங்க ஊர்ல புல் வெட்டுற மெஷின் இருக்கு, பெட்ரோல்ல ஓடற ஸ்பிரேயர் இருக்கு. நிறைய மெஷின் கார்புரேட்டர்ல இதே மாதிரி சின்ன டயாப்ரம் உண்டு. சீசனுக்கு எடுத்து ஓட்டிட்டு, மிச்ச பெட்ரோலோட மூலையில வச்சிடுவோம். அடுத்த சீசனுக்கு எடுத்தா கிளம்பாது. அன்னைக்குக் கூலிக்கு வந்தவங்க சும்மா உக்காந்திருப்பாங்க, களை வளர்ந்துக்கிட்டே இருக்கும். கார்காரருக்கு ஞாயித்துக்கிழமை போகுது, எங்களுக்குப் பொழப்பே நிக்குது. (வேலை முடிஞ்சதும் பெட்ரோலைக் கொட்டிட்டு, தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டுட்டு வைங்க. இது பழைய காருக்கு முடியாது, சின்ன மெஷினுக்கு முடியும்.)

நான் கேக்கறது மூணே விஷயம். டயாப்ரம் எந்த ரப்பர், எத்தனாலைத் தாங்குமா தாங்காதான்னு பெட்டி மேல தமிழ்லயே அச்சடிக்கணும். தாலுகாவுக்கு ஒரு பங்க்லயாவது எத்தனால் கம்மியான பெட்ரோல் கிடைக்கணும். விலை கூட இருந்தாலும் பரவாயில்ல, வேணும்ங்கறவங்க வாங்கிக்கட்டும். மூணாவது அரசாங்கத்துக்கிட்ட இல்ல, உங்ககிட்ட. எந்தப் பட்டறையில எந்தப் பாகத்தை மாத்தினாலும் பழசைக் கேட்டு வாங்குங்க. அங்கேயே நின்னு பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார், சந்தோஷமாக் காட்டுவார். காட்ட மறுத்தா, அவர்கிட்ட நாலாவது பம்ப் வாங்காதீங்க.