எட்டாம் நம்பர்னா எந்த எட்டு?

உங்க ஷூ சைஸ் என்ன பாஸ்?

'எட்டு'ன்னு டக்குனு சொல்லிட்டீங்களா? சரி, எந்த எட்டு?

முழிக்காதீங்க. போன வாரம் டை கட்டறதைப் பத்தி எழுதினதும் வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி டையைப் பத்தி இல்லை. "டை கெடக்கட்டும், பிளேஸ்மென்ட்டுக்கு வாங்கின ஷூ காலைக் கடிச்சுக் குதறுதே, அதுக்கு வழி சொல்லுங்க"ன்னுதான் கேட்டிருந்தாங்க. அதுல நிறைய பேர் எழுதியிருந்த ஒரு வரி: 'என் கால் ஷேப்பே சரியில்லை போல.'

இல்லவே இல்லைங்க. உங்க கால் நல்லாத்தான் இருக்கு. அந்த ஷூவை ஒரு அச்சு மேல வெச்சு செஞ்சாங்க இல்லையா, அந்த அச்சு வேற யாரோ ஒருத்தர் காலை மனசுல வெச்சு செதுக்கினது. மேட்டர் இவ்வளவுதான்.

அந்த அச்சுக்குப் பேர் லாஸ்ட். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஃப்ரெண்ட்ஸுக்குப் பழகின வார்த்தையா இருக்கும். பார்க்கறதுக்குக் கணுக்காலோட வெட்டி எடுத்த கால் மாதிரியே இருக்கும் (இருட்டுல பார்த்தா பயமாத்தான் இருக்கும்!). முன்னெல்லாம் மரம், இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக். தோலை இது மேல போர்த்தி, இறுக்கி இழுத்து, அடியில பொருத்தி, கொஞ்ச நாள் அப்படியே விட்டா தோல் அந்த வடிவத்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் லாஸ்ட்டை உருவிடுவாங்க. அது இருந்த காலி இடத்துலதான் உங்க கால் குடியிருக்கப் போகுது.

இப்போ நம்பருக்கு வருவோம். இங்கிலீஷ் சைஸ்ல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் அங்குலத்துல மூணுல ஒரு பங்கு. ஏன் மூணுல ஒண்ணு? அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஒரு வாற்கோதுமை மணியோட நீளம் அதுதான்! நாம இன்னிக்கும் ஷூ வாங்கறது கோதுமைக் கணக்குலதான். பெரியவங்க சைஸ் எட்டுன்னா லாஸ்ட்டோட நீளம் கணக்குப்படி 11 அங்குலம், அதாவது சுமார் 28 சென்டிமீட்டர். நல்லா கவனிங்க. உங்க காலோட நீளம் இல்லை, லாஸ்ட்டோட நீளம். விரலுக்கு முன்னால எவ்வளவு காலி விடறதுங்கறது அந்த லாஸ்ட்டை வடிவமைச்சவர் இஷ்டம். கூர்மையான மூக்கு வேணும்னா இன்னும் கொஞ்சம் நீட்டுவாங்க. அந்த நீட்டலைப் பல கம்பெனிகள் நம்பர்ல சேர்க்கவே சேர்க்காது.

இதைவிடப் பெரிய கூத்து, நம்பர் சொல்றது நீளத்தை மட்டும்தான். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்ககூட ஒத்துப்பாங்க, ஒரே ஒரு அளவைக் கொடுத்துட்டு ஒரு முப்பரிமாணப் பொருளை வரையச் சொன்னா யாராலயும் வரைய முடியாது. லாஸ்ட்ல ஒரு நேர்கோடுகூடக் கிடையாது. விரல்கள் தொடங்கற இடத்துல சுற்றளவு, நடுக்கால்ல சுற்றளவு, புறங்கால் மேட்டோட உயரம், குதிகால் அகலம், குதிகால் எத்தனை தூக்கலா நிக்குது, மூக்கு தரையிலேர்ந்து எத்தனை எழும்புது, மொத்தக் காலும் உள்பக்கமா எவ்வளவு வளையுது... இத்தனையும் மாறலாம். நம்பர் மட்டும் அதே எட்டு!

இதுக்கு நல்ல உதாரணம் வேணும்னா இங்கிலாந்துல நார்தாம்ப்டன் ஊருக்குப் போகணும். ஆண்களோட ஃபார்மல் ஷூவுக்கு உலகத்துலயே பேர் போன ஊர். சர்ச்சஸ் 1873-லயும், கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் 1879-லயும், எட்வர்ட் கிரீன் 1890-லயும் அங்கே ஆரம்பிச்ச கம்பெனிகள். எட்வர்ட் கிரீன் ஷூ ஒரு ஜோடி ஆயிரம் பவுண்டுக்கு மேல. (விலையை ரூபாய்ல மாத்திப் பார்த்துட்டு ஹாஸ்டல் ஃபீஸோட ஒப்பிடாதீங்க, வயிறு எரியும்.) நாம வாங்கப் போறதில்லை. ஆனா அவங்க ஒரு விஷயத்தை நேர்மையா செய்யறாங்க. ஷூவுக்கு உள்ளே பேனாவால சைஸ், அகலத்துக்கான எழுத்து, அது பக்கத்துலயே லாஸ்ட் நம்பர்னு எழுதி வெக்கறாங்க. 202-ன்னு இருந்தா உருண்டை மூக்கு, அடக்கமான பழைய பாணி. 888-ன்னு இருந்தா நீண்டு ஒடுங்கி, நுனியில லேசா சதுரம் தட்டின மூக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ஒரே எழுத்து. ஆனா ரெண்டும் ஒரே காலுக்குப் பொருந்தும்னு நினைச்சா ஏமாந்தீங்க. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க 'நான் எட்டு'ன்னு சொல்றதில்லை, '202-ல நான் எட்டு'ன்னு சொல்றாங்க.

ஒரே மாடல்லயே மாறின கதையும் உண்டு. சர்ச்சஸோட கான்சல்னு ஒரு கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு. ரொம்ப வருஷமா 73-ங்கற லாஸ்ட்ல செஞ்சாங்க. பிற்பாடு மூக்கைக் கொஞ்சம் நீட்டி 173-ன்னு மாத்தினாங்க. ஷூ பேர் அதேதான். அப்பா வாங்கின கான்சல் சைஸையே மகனும் கேட்டு வாங்கினா என்ன ஆகும்? நீங்களே யோசிச்சுக்கோங்க.

அட்லான்டிக்கைத் தாண்டினா இன்னும் சுவாரஸ்யம். 1884-ல ஆரம்பிச்ச அமெரிக்கக் கம்பெனி ஆல்டன். அவங்க லாஸ்ட்டுக்குப் பேரே வெச்சிருக்காங்க. பேரிங்கற லாஸ்ட் தாராளம், அதுல நிறைய பேர் தங்களோட அளவைவிட அரை சைஸ் கம்மியாத்தான் வாங்கறாங்க. அபர்தீன் ஒல்லிப்பிச்சான். மாடிஃபைடுன்னு ஒண்ணு இருக்கு, கால்ல பிரச்னை இருக்கறவங்களுக்காக உருவானது. மேலேர்ந்து பார்த்தா வாழைப்பழம் மாதிரி உள்பக்கமா வளைஞ்சிருக்கும், நடுக்காலை நல்லா பிடிச்சுக்கும், விரலுக்கு இடம் விடும். அழகுப் போட்டியில ஜெயிக்காது. ஆனா போட்டவங்க மத்ததைத் திரும்பிப் பார்க்கறது கஷ்டம்.

அகலத்துக்கான எழுத்துன்னு சொன்னேன் இல்லையா, அதுலயும் குழப்பம்தான். அமெரிக்காவுல ஆண்களுக்கு 'டி'ன்னா சாதாரண அகலம். எட்வர்ட் கிரீனுக்கு 'இ' சாதாரணம். பக்கத்துத் தெரு சர்ச்சஸுக்கு 'எஃப்' சாதாரணம், 'ஜி' அகலம். எழுத்தை மட்டும் பார்த்து ஆர்டர் பண்ணினா கோவிந்தா!

சரி, நம்ம ஊர் கடைக்கு வாங்க. இங்கே பெரும்பாலான ஷூவுல எழுத்தே கிடையாது, நம்பர் மட்டும்தான். பக்கவாட்டுல இறுக்கினா சேல்ஸ்மேன் என்ன சொல்வார்? "ஒரு நம்பர் பெருசா போட்டுக்கோங்க தம்பி." நாமளும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வருவோம். என் ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் அப்படித்தான் ஒன்பதாம் நம்பரோட வந்தார். ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன், டெக்னிக்கல், ஹெச்.ஆர்.னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதே ஷூ. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே எழும்பி உரச, ரெண்டு குதிகாலும் தோல் வழண்டு போச்சு. கடைசி ரவுண்டுக்கு நொண்டிக்கிட்டேதான் உள்ளே போனார். தன்னைப் பத்திச் சொல்லச் சொன்னப்போ வாயில வந்ததெல்லாம் பாதி வாக்கியம்தானாம், கவனம் பூரா குதிகால்ல இருந்திருக்கு.

ஒரு நம்பர் ஏத்தினா ஏன் இப்படி ஆகுது? அகலம் கொஞ்சம் கூடுது, உண்மை. ஆனா நீளமும் கூடுது, அது கூடறப்போ ஷூ மடங்கற இடமும் முன்னால நகர்ந்துடுது. நம்ம கால் மடங்கறது கட்டைவிரல் தொடங்கற முட்டியில. ஷூ மடங்கறது லாஸ்ட்டோட அகலமான இடத்துல. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கணும். இல்லேன்னா கால் ஓரிடத்துல மடங்கும், ஷூ இன்னோரிடத்துல மடங்கும். நடுவுல மாட்டிக்கிட்டு அவதிப்படறது உங்க தோல்.

இதைக் கண்டுபிடிச்சு அளக்க வழி செஞ்சவர் நம்ம கட்சி, அதாவது காலேஜ் ஸ்டூடன்ட்! அமெரிக்காவுல சிராக்யூஸ் ஊர்ல சார்லஸ் பிரானக்னு ஒருத்தர். அப்பாவுக்குச் சொந்தமா ஷூ கடை. 1920-கள்ல, இரும்புத் துண்டுகளை நட்டு போட்டு மாட்டற பொம்மை செட்டை வெச்சே முதல் மாதிரியைச் செஞ்சார். அதுதான் பிரானக் டிவைஸ். குதிகால்லேர்ந்து விரல் நுனி வரை ஒரு அளவு, குதிகால்லேர்ந்து அந்தக் கட்டைவிரல் முட்டி வரை இன்னொரு அளவு, அப்புறம் அகலம். மூணு அளவு! முட்டி வரைக்குமான அளவு பெரிய நம்பரைக் காட்டினா அந்த நம்பரைத்தான் எடுத்துக்கணும். அதாவது விரல் நுனி எங்கே முடியுதுங்கறதைவிடக் கால் எங்கே மடங்குதுங்கறதுதான் முக்கியம்.

இந்தியக் கால்கள் விஷயத்துக்கும் வந்துடறேன். நாம இத்தனை நாளா ஓட்டிட்டிருக்கற இங்கிலீஷ் நம்பர் வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போனது. ஆம்பூர்ல செய்யற ஷூக்கள்ல பெரும்பகுதி ஏற்றுமதிக்கு, வாங்கற நாட்டுக் காலுக்கு ஏத்த லாஸ்ட்ல செய்யறது. அப்போ நம்ம கால் எப்படி இருக்கும்? அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமா சி.எல்.ஆர்.ஐ., 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல 1 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க காலை முப்பரிமாண ஸ்கேனர்ல அளந்துச்சு. கிடைச்ச விடை: சராசரி இந்தியக் கால், ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம். அதை வெச்சு 'பா'ன்னு (பாரத்தோட முதல் எழுத்து) நமக்குன்னே ஒரு சைஸ் முறையையும் முன்வெச்சாங்க. ஆக, 'என் கால் ஷேப்பே சரியில்லை'ன்னு எழுதின ஃப்ரெண்ட்ஸ், இந்தப் பத்தியை மறுபடி ஒருதரம் படிச்சுக்கோங்க.

இனி கடையில என்ன செய்யறது? மெக்கானிக்கல் பசங்களுக்கு 'ஃபிட்ஸ் அண்ட் டாலரன்ஸ்' பாடம் ஞாபகம் இருக்கும். ஒரே ஷூவுக்குள்ள வேற வேற ஃபிட் தேவைப்படுது. விரல்கிட்ட கிளியரன்ஸ் ஃபிட், தாராளமா அசையணும். குதிகால்ல டிரான்சிஷன், பிடிச்சும் பிடிக்காமலும். நடுக்கால்லயும் புறங்கால்லயும், லேஸை இழுத்துக் கட்டினதும் லேசான இன்டர்ஃபியரன்ஸ். நடுக்கால் சரியா பிடிச்சிருந்தாத்தான் கால் முன்னால சறுக்காம நிக்கும், விரலுக்கு விட்ட இடம் விரலுக்கே மிஞ்சும்.

சாயங்காலமா போங்க, அப்போதான் கால் வீங்கி முழு அளவுல இருக்கும். இன்டர்வியூவுக்குப் போடப் போற அதே மெல்லிசு சாக்ஸோட போங்க. ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது, அதனால ரெண்டு ஷூவையும் போட்டு, எழுந்து நின்னு, நடந்து பாருங்க. அப்படியே குதிகாலைத் தூக்கி, ஷூவுல மடிப்பு எங்கே விழுதுன்னு குனிஞ்சு பாருங்க. கட்டைவிரல் முட்டிக்கு நேரா விழுந்தா நல்லது. முட்டிக்கு முன்னால தள்ளி விழுந்தா, நம்பர் பெருசு. கீழே வெச்சுடுங்க, சேல்ஸ்மேன் முகத்தைப் பார்க்காதீங்க.

ஆக்ஸ்ஃபோர்டு வகைன்னா, அதாவது லேஸ் போடற ரெண்டு மடலும் நெருங்கி மூடற மாதிரி தைச்சதுன்னா, அந்த இடைவெளியைக் கவனிங்க. புதுசுல கொஞ்சம் பிளந்து இருக்கறது நல்லது, போகப் போகத் தோல் இளகி மூடிக்கும். முதல் நாளே ரெண்டும் முட்டிக்கிட்டா பின்னால இறுக்க வழியே இருக்காது. 'வி' எழுத்து மாதிரி பெருசா வாயைப் பிளந்தா உங்க புறங்கால் உயரம், அந்த லாஸ்ட் உங்களுக்கு ஆகாது. அவங்களுக்கெல்லாம் டெர்பி இருக்கே! மடல் ரெண்டும் மேலே தனியா திறக்கற மாடல். அகலமான, உயரமான காலை அதிகம் கேள்வி கேட்காம ஏத்துக்கும். இன்டர்வியூ பேனல்ல உட்கார்ந்திருக்கறவர் உங்க ஷூ ஆக்ஸ்ஃபோர்டா டெர்பியான்னு பார்க்கப் போறதில்லை. லேஸே இல்லாத லோஃபர்? லாஸ்ட் அச்சு அசலா பொருந்தினாத்தான் கால்ல நிக்கும். முதல் ஃபார்மல் ஷூவா அதை வாங்கறது சூதாட்டம்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, பில்லும் தொலைஞ்சு போச்சுங்கறவங்களுக்கு. நீளம் சரி, பக்கவாட்டுல மட்டும் இறுக்கம்னா, நிஜத்தோலா இருந்தா நம்ம தெருமுனை அண்ணன்கிட்டே கொடுங்க. திருகி விரிக்கற மரக்கட்டையை உள்ளே மாட்டி ரெண்டு நாள் வெச்சிருந்து, அகலத்துல கொஞ்சம் இடம் பண்ணித் தருவார். ரெக்ஸின்னா அதுவும் பெருசா நடக்காது. குதிகால் கழண்டுக்கிட்டு வந்தா உள்ளே ஒரு மெல்லிசு சோல் போட்டு கொஞ்சம் சமாளிக்கலாம். நீளம் பத்தலைன்னா மட்டும் அந்த அண்ணனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ரூம்மேட் யாருக்காவது சரியா இருக்கான்னு பார்த்து, பாதி விலைக்காவது தள்ளிவிட்டுருங்க.

அடுத்த வாரம் சாக்ஸ். துவைச்சு வெச்சுட்டுக் காத்திருங்க!