வெயிலுக்குத் தடித்த எண்ணெயா?

கடந்த மாதம் எனது காரைச் சேர்விஸ் செய்வதற்காக யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றிருந்தேன். அது யப்பானில் இருந்து வந்த ஹைபிரிட் கார். அங்கு நின்ற தம்பி 20டபிள்யூ-50 ஒயில் கானைத் திறந்துவிட்டார். தடுத்தேன். "ஐயா, மெல்லிய ஒயில் எங்கடை வெயிலுக்குத் தாங்காது" என்றார்.

அவரில் குற்றம் காண நான் விரும்பவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களையும் ஏ40களையும் கண்டவர்கள் நாம். அவை எதையும் தாங்கின. தடிப்பான எண்ணெயே இயந்திரத்துக்குக் காவல் என்ற நம்பிக்கை அந்தப் பழைய கார்களோடு வந்தது. கார்கள் மாறிவிட்டன, நம்பிக்கை மாறவில்லை.

'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள இலக்கம் குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாகப் பாயும் என்பதைச் சொல்கிறது. பின்னுள்ள இலக்கம் 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பைக் குறிக்கிறது. வெளியே வெயிலானாலும் பனியானாலும், சூடேறிய இயந்திரத்தின் வெப்பநிலையைக் குளிரூட்டும் தொகுதி ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும். ஆகவே எமது வெயில் இங்கே பெரிய நியாயமல்ல. ஹைபிரிட் காரின் இயந்திரமோ ஓடும்போதே பலமுறை நின்று மீண்டும் இயங்குவது. எண்ணெய் உடனடியாக நுண்ணிய வழிகளினூடே பாயவேண்டும். பல கார்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறிமுறையும் எண்ணெய் அழுத்தத்திலேயே தங்கியுள்ளது. தேய்ந்து எண்ணெய் குடிக்கும் பழைய இயந்திரத்துக்குச் சற்றுத் தடித்தது பொருந்தலாம். அதையே எல்லாக் கார்களுக்கும் விதியாக்குவது தவறு.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத கனி. கையிலிருக்கும் இயந்திரத்தைக் காப்பதே எமக்குள்ள வழி.

எனவே ஊற்றிய எண்ணெயின் தரத்தையும் அளவையும் ஒவ்வொரு கராஜும் பற்றுச்சீட்டில் எழுதித் தரவேண்டும். நாமும் அதைக் கேட்டு வாங்கவேண்டும். "கைநூல் யப்பானிய மொழியில் அல்லவா இருக்கிறது?" என்பார்கள். உண்மைதான். ஆனால் அதிலுள்ள இலக்கங்கள் நாமறிந்த இலக்கங்களே. எனது காரில் எண்ணெய் ஊற்றும் மூடியின் மேலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கிறது. அந்தத் தம்பிக்கு அதைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் திறந்த கானை மூடிவைத்தார்.