சால்வை பொறுக்கும், மணிக்கட்டுப் பொறுக்காது



ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் அங்குள்ள பெண்கள் பின்னிய ரேந்தைச் சால்வையை ஒரு மோதிரத்துக்குள்ளால் இழுத்து எடுத்துவிடலாம். ஆட்டுமயிர் நூல் அவ்வளவு மெல்லியது. ஆண்கள் கடலுக்குப் போக, வீடும் தோட்டமும் பெண்களின் தலையில். விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண்ணைக் கூடையில் முதுகிலே சுமந்து நடக்கும்போதுகூடக் காலுறை பின்னினார்கள். வியாபாரிகள் பலர் அதற்குக் காசு கொடுக்கவில்லை; தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். 1872 இல் இதைப் பற்றி அரசாங்க விசாரணை அறிக்கையே வெளிவந்தது. (எங்களுக்கு இது புதுக்கதை அல்ல.)

அந்தப் பெண்கள் இடுப்பில் ஒரு தோற்பட்டி கட்டியிருந்தார்கள். அதில் குதிரைமயிர் அடைத்த சிறு திண்டு, திண்டில் துளைகள். வலக்கை ஊசியின் பின்முனையைத் துளையில் செருகினால் ஊசியைப் பட்டி தாங்கும். விரல்களுக்கு நூலைப் பார்க்கும் வேலை மட்டும்தான். பட்டி இல்லாத நாங்கள் நீண்ட ஊசியின் பின்பக்கத்தை அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். கையில் செல் துண்டு பட்டுப் பிடி குறைந்தவர்கள் இதைச் செய்து பாருங்கள். நோவு கூடினால் விட்டுவிடுங்கள்.

அவர்களுடைய பழைய அலைக்கோலம் ஒன்று 18 கண்ணி, 4 வரி கொண்டது. மூன்று வரிகள் வெறும் பின்னல். ஒரு வரியில் மட்டும் இரண்டிரண்டாக 3 தரம் சேர்த்து, நூல் சுற்றி ஒரு கண்ணி என்று 6 தரம் பின்னி, மறுபடி 3 தரம் சேர்க்க வேண்டும். அந்த வரியைக் காலை வெளிச்சத்துக்கு வையுங்கள். நான்காவது வரி முடிந்ததும் ஊசியைக் கீழே வைத்து எழும்பி நடவுங்கள். வரி நீளமென்றால் நடுவிலேயே நிறுத்துங்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இருப்பு நாரிக்கும் பிடரிக்கும் கூடாது. பொய்க்கால் போட்டவர்கள் சாய்மானம் உள்ள கதிரையில் இருந்து, முழங்கைகளுக்குக் கீழே தலையணை வைப்பது நல்லது. பின்னியது நீள நீள மடியிலே கிடக்கட்டும், ஊசியில் தொங்கக் கூடாது.

எங்கள் வெக்கைக்குப் பருத்தி நூல்தான் சரி. ஆனால் அது ஆட்டுமயிர் போல இழுபடாது, கை கூடுதலாக நோகும். ஆகவே கண்ணிகளைத் தளர்வாகப் போடுங்கள். பத்துப் பதினைந்து வரிக்கு ஒருமுறை வேறு நிற நூலொன்றை எல்லாக் கண்ணிகளுக்குள்ளாலும் கோத்துவிடுங்கள். பிழைத்தால் அதுவரை மட்டும் அவிழ்த்தால் போதும். முழுவதையும் திரும்பப் பின்னுவதைப் போல் கையைக் கெடுப்பது வேறில்லை.

இரவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்தால் எண்ணெய் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். ஊசியை வைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஓடர் கேட்டு வருபவர்கள் “எப்ப முடியும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். உடனே நாள் சொல்லிவிடாதீர்கள். கை நோகாமல் ஒரு கிழமைக்கு எத்தனை வரி முடிகிறதென்று கொப்பியில் எழுதி, அதைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.