வரப்போகும் மெட்ரோவை நம்பி வீடு வாங்கலாமா?

சென்னைப் புறநகரின் இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பகுதிகளில் அடுக்குமாடி வீடு விற்பவர்கள் வீட்டைப் பற்றிப் பேசும் முன் வழியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஜிஎஸ்டி சாலையும் புறவழிச் சாலையும் கூடும் இடம். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாயிற்று. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலும் நீளப்போகிறது. குடியிருக்க வீடு தேடுபவருக்கு இவையெல்லாம் நன்மையே. வருங்கால வைப்பு நிதியை எடுத்து முதலீட்டுக்காக இரண்டாவது வீடு வாங்குபவர் மட்டும் வேறு கணக்கைப் போட்டாக வேண்டும்.

ஒரு பிளாட்டின் விலை 60 லட்சம் ரூபாய், மாத வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1.80 லட்சம், அதாவது 3 சதவீதம். ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். சங்கத்துக்கு மாதம் 2,500 ரூபாய் கட்ட வேண்டும். சொத்து வரி, வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு என்று ஆண்டுக்கு 10,000 போகும். கையில் நிற்பது 1.25 லட்சம், 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும். இதே வீட்டுக்கு 45 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 39,000. வாடகை முழுவதையும் கொடுத்தாலும் மாதந்தோறும் 24,000 ரூபாய் சொந்தக் கையிலிருந்து போகும். வரிச் சலுகை காப்பாற்றும் என்பார்கள். புதிய வருமான வரி முறையில், வாடகைக்கு விட்ட வீட்டின் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஆக, முழுச் சுமையும் விலை உயர்வின் தலையில் விழுகிறது. அங்கேதான் வழியைக் காட்டி விற்பதன் பலவீனம் தெரிகிறது. ஒரு சாலையோ ரயிலோ வரும்போது தேவையோடு போட்டியும் சேர்ந்தே வருகிறது. கிளாம்பாக்கத்தை நெருக்கமாக்கிய அதே வசதி ஊரப்பாக்கத்தையும் கூடுவாஞ்சேரியையும் நெருக்கமாக்குகிறது. அங்கே காலி நிலம் இன்னும் இருக்கிறது. பத்தாண்டு கழித்து நம் பிளாட்டை விற்கப் போகும்போது, வாங்க வருபவர் அதன் அருகிலேயே புதுக் கட்டடத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் கணக்கில் வைத்தே விலை கேட்பார்.

கட்டடம் தேயும், வளர்வது மண். எனவே யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பாகம் எத்தனை சதுர அடி என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள வீட்டுக்கு, மூன்று மாடிக் கட்டடத்தில் கிடைக்கும் பாகம் உயர்மாடிக் கட்டடத்தில் கிடைப்பதில்லை. மாடி உயர உயர அது சுருங்கும். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் மாதப் பராமரிப்பைக் கூட்டுமே தவிர, மண்ணைக் கூட்டாது.

சின்னக் கட்டடத்திலும் ஓர் ஆபத்து உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாவிட்டாலோ ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற பாதுகாப்பு அங்கே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டி முடித்த வீட்டை மட்டுமே வாங்குவது நல்லது. நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி இல்லை. வாடகையும் உடனே வரத் தொடங்கும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை வங்கி பார்த்துவிட்டது என்று இருந்துவிடாமல் நம் வழக்கறிஞரிடமும் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆட்களை மீட்டார்கள். ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகும் தாழ்வான நிலம் அது. அதே ஊர்களில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களும் உண்டு. அந்த ஆண்டு எந்த மட்டம் வரை நீர் ஏறியது, மே மாதம் எத்தனை லாரி வருகிறது, கழிவுநீர் குழாயில் போகிறதா தொட்டியில் தேங்குகிறதா என்பதைத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். வாடகைக்கு வருபவர் இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் தருகிறார். வாங்குபவர் கேட்காமல் இருப்பது கொடுமை.

இந்த விசாரணையை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்ய வேண்டியிருப்பது நியாயமல்ல. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் 2015இன் வெள்ள மட்டத்தை மாநகராட்சியும் வருவாய்த் துறையும் வெளியிட வேண்டும். வீட்டு விளம்பரங்களில் நிலப் பாகத்தை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை வாங்குபவர்கள் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். அந்தத் தெருவில் இன்று கிடைக்கும் வாடகையை முதலில் விசாரியுங்கள். அந்த வாடகையும் நிலப் பாகமும் தாங்குகிற விலையை நீங்களே எழுதிக்கொண்டு பேசப் போங்கள். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் வராத ரயிலுக்கு நாம் இப்போதே எடுக்கும் டிக்கெட். உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் வைக்க வேண்டியதில்லை.