ஓய்வு என்னும் பொல்லாத மருந்து

“நடக்க விடாதீர்கள், விழுந்துவிடுவார்” என்று நம் வீடுகளில் அன்போடு சொல்வதுண்டு. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயைப் பொறுத்தவரை, அந்த அன்பே நோயாளியின் நடையைக் களவாடிவிடும் என்று நான் கருதுகின்றேன்.

மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைவதே இந்நோய். உடலை வருத்தியபின் நோயாளரின் பார்வை மங்குவதை ஜேர்மனியக் கண் வைத்தியர் வில்ஹெல்ம் உட்ஹொஃப் 1890 இல் பதிவு செய்தார். அதன்பின் பல தசாப்தங்களாக வைத்தியர்கள் ஓய்வையே விதித்தனர். ஆனால் அம்மங்கல் உடல் வெப்பம் ஏறுவதால் வருவது. உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் நீங்கிவிடும். 1996 இல் வெளியான அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வில், 15 வாரங்கள் பயிற்சி பெற்றோரின் உடற்றிறனும் கை கால் வலிமையும் கூடின.

பயிற்சி சிதைந்த உறையை மீட்டுத் தராது. ஆனால் முடங்கிக் கிடப்பதால் வரும் தசைத் தளர்வைத் தடுக்கும். சமநிலையையும் நடையையும் மேம்படுத்தும். கதிரையிலிருந்து எழுந்து அமர்தல், கைப்பிடியைப் பற்றியபடி ஒற்றைக் காலில் நிற்றல் போன்றவையே போதுமான தொடக்கம். அவற்றை இயன்மருத்துவரின் கண்காணிப்பில், காற்றோட்டமான இடத்தில், இடையிடையே ஆறிச் செய்ய வேண்டும்.

விழுந்துவிடுவார் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து கட்டிலன்று. பற்றிக்கொள்ள ஒரு கை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தேநீரைக் கட்டிலுக்குக் கொண்டு செல்லாதீர்கள். குசினி வரை அவரோடு நடந்து செல்லுங்கள்.