பழைய பிஸ்டலும் புதிய சிவப்புப் புள்ளியும்



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், ஹாஸ்டல் சாப்பாடு என்றுதான் எழுத வேண்டுமா? நான் ஒரு துப்பாக்கியைப் பற்றி எழுதப் போகிறேன். "ஏண்டா, உனக்கு வேற சப்ஜெக்ட்டே கிடைக்கலையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. லைசென்ஸ் இல்லாமல் நம் நாட்டில் பொதுவாக வைத்துக்கொள்ள முடியாத பொருள்தான். ஆனால் விவகாரம் நம்முடையது. மில்லிங் மெஷினும், டிரில் பிட்டும், ஃபைலும் எங்கே நிற்க வேண்டும் என்பதே கேள்வி.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்டது. அதனால் அதன் பெயரே 1911. 1985-ல் பெரெட்டா வரும்வரை அதுதான் அந்த ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரில் இதைச் செய்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? டைப் இன்ஸ்டிடியூட்டில் தட்டினோமே, அந்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனி எட்டு லட்சத்துக்கும் மேல் செய்தது. நம் வீட்டுத் தையல் மெஷின் சிங்கர் கம்பெனி 500 மட்டும் செய்தது! டைப்ரைட்டர்காரரும் தையல் மெஷின்காரரும் தனித்தனியாகச் செய்தாலும், ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் பிஸ்டலில் பொருந்த வேண்டும் என்பது கண்டிஷன். நாம் வகுப்பில் படிக்கும் லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸ் இதில் உயிரோடு இருக்கிறது.

ராணுவக் கிடங்கில் கிடந்த இந்தப் பிஸ்டல்களில் ஒரு பகுதி 2018 முதல் அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களில் பலர் வயதானவர்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

பழைய பிஸ்டலில் குறி பார்க்கப் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு சிறு முனை. அப்புறம் இலக்கு. ஆக மூன்று தூரம். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை குறையும். முன்முனை மங்கிப் போகும். ரெட் டாட் சைட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு சின்ன எல்.இ.டி., அதன் எதிரே வளைந்த கண்ணாடி. எல்.இ.டி. அந்தக் கண்ணாடியின் குவியத்தில் இருப்பதால், பட்டுத் திரும்பும் ஒளி இணைகதிராகக் கண்ணுக்கு வருகிறது. புள்ளி தூரத்தில் இலக்கின் மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். இலக்கைப் பார்த்தால் போதும். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் கம்பெனி 1975-ல் கொண்டுவந்த சங்கதி இது. 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக் இதை வைத்தே ஜெயித்தார். ஆகவே "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்று சொல்வாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணாடி போட்டுப் படிப்பது ஏமாற்று வேலையா என்ன?

அப்படியானால் எப்படிப் பொருத்துவது? அங்கே அதிகம் நடப்பது இது: பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடை மில்லிங் மெஷினில் கட்டி, மேலே தட்டையாக ஒரு பள்ளம் வெட்டி, டேப் போட்டு, இரண்டு சிறு ஸ்குரூவில் முறுக்கிவிடுவது. பார்க்க அழகு. புள்ளியும் தாழ்வாக உட்காரும். ஆனால் யோசியுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து முன்னால் வந்து மோதும். அந்த அதிர்ச்சி முழுவதும் அந்த இரண்டு ஸ்குரூவின் மரையில். பள்ளத்தை ஆழமாக்கினால் கீழே ஃபயரிங் பின் போகும் துளை இருக்கிறது. ஆழம் குறைந்தால் மரை பிடிக்காது. சைட்டின் எடை சுமார் 30 கிராம் கூடும். ஸ்பிரிங் கணக்கையும் திரும்பப் பார்க்கணும். இதெல்லாம் தெரிந்த கைக்குச் செய்யக்கூடிய வேலைதான். என் ஆட்சேபம் அதில் இல்லை.

என் ஆட்சேபம் இதுதான்: வெட்டினால் ஒட்டாது! வெட்டிய இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. ஸ்லைடின் மேல் இருக்கும் பழைய ஃபினிஷ், அன்றைய கட்டரின் தடம், கம்பெனி முத்திரை எல்லாம் அன்றைய தொழிலாளியின் கையெழுத்து. எந்த ஃபேக்டரியில் எந்த மாதிரி வெட்டினார்கள் என்பதற்கு அந்தப் பொருளே சாட்சி. சாட்சியை அழித்துவிட்டு அப்புறம் வரலாறு எழுத முடியுமா?

எதிர்த்தரப்பு வாதமும் லேசுப்பட்டதல்ல. "கருவி என்பது பயன்படுத்தத்தான். ராணுவமே 1920-களில் டிரிக்கரைக் குட்டையாக்கி, முன்முனையை அகலமாக்கி, 1911ஏ1 என்று மாற்றியதே!" என்பார்கள். உண்மை. ஆனால் அந்த மாற்றம் டிராயிங்கில் நடந்தது; அதன்படி புதிதாகச் செய்தார்கள். டிராயிங்கைத் திருத்துவது வேறு, மிச்சமிருக்கும் பழைய பொருளைக் குடைவது வேறு.

சரி, பெரியவர் குறி பார்க்க வேண்டாமா? வேண்டும். வழி இருக்கிறது. 1911-ன் பின் சைட் ஒரு டவ்டெயிலில் தட்டி ஏற்றியதுதான். அதைத் தட்டி எடுத்துவிட்டு அதே டவ்டெயிலில் ஒரு அடாப்டர் பிளேட்டை ஏற்றி, அதன் மேல் ரெட் டாட் வைக்கலாம். கொஞ்சம் உயரமாக நிற்கும். அடிக்கடி இறுக்கம் பார்க்கணும். ஆனால் நாளைக்கே கழற்றிவிடலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று. அமெரிக்கச் சட்டப்படி பிஸ்டல் என்று கணக்கில் வருவது நம்பர் அடித்த ஃபிரேம்தான். ஸ்லைடு வெறும் உதிரிப் பாகம். அசல் ஸ்லைடைக் கழற்றி எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்துவிட்டு, புது ஸ்லைடு ஒன்று வாங்கி அதில் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். ஃபிரேமில் ஏற்றும்போது எங்காவது பிடித்தால், தேய்க்க வேண்டியது புது ஸ்லைடை. பழைய ஃபிரேமில் ஃபைல் படவே கூடாது. செலவு கூடும்தான். ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய பாகம் என்ற தத்துவத்துக்கே பிறந்த இந்தப் பிஸ்டலுக்கு அதே தத்துவத்தால் வைத்தியம் பார்ப்பதுதானே மரியாதை? இன்று புதிதாகச் செய்யப்படும் 1911 மாடல்களை வைத்திருப்பவர்கள் தாராளமாக வெட்டட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை.

நமக்கென்ன என்கிறீர்களா? நாளை நாமெல்லாம் ஏதோ ஒரு ஷாப் ஃப்ளோரில் நிற்போம். "இந்தப் பழைய லேத்துக்கு டிஜிட்டல் ரீடவுட் மாட்டுப்பா" என்று மேனேஜர் சொல்வார். டிரில்லிங் மெஷினை ஆன் செய்யும் முன் ஒரு நிமிஷம் பெட்டைச் சுற்றி வந்து பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளையில் ஒரு பிராக்கெட் நிற்குமா? நின்றால் அதையே போடுங்கள். நமக்குப் பின்னால் வருகிறவன் நம் வேலையைக் கழற்றிப் பார்க்கவும், பிடிக்காவிட்டால் பழையபடி வைக்கவும் வழி விடுவதும் நம் தொழிலில் சேர்ந்ததுதான்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு