கூலியும் கூரையும்

உழைப்பவருக்குக் கூலியைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். தீரவில்லை என்பதே என் கருத்து. வேலை முடிந்து அவர் தலை சாய்க்கும் இடமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் கதையைப் படித்தபோதுதான் இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள அந்தத் தோட்டங்களில் 2015ஆம் ஆண்டு கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்; தலைமுறைகளுக்கு முன் நம் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறிய கூலிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அன்று அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். போனஸ் 10 சதவீதம்தான் என்று அறிவிப்பு வரவே, செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாற்றுச் சாலையில் வந்து அமர்ந்தார்கள். 20 சதவீத போனஸ், 500 ரூபாய் நாட்கூலி என்பன அவர்கள் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாமே போராடினார்கள். ஒன்பதே நாளில் போனசும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. ஒற்றுமையின் வலிமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும், அந்த வெற்றி வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் என்பது வரிசையாகக் கட்டப்பட்ட கம்பெனி வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. "வாடகையில்லாத வீடுதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். போக்கிடமற்ற தாய் என்ன செய்வாள்? வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள மகளோ மருமகளோ கொழுந்துக்கூடையைச் சுமக்கிறாள். ஒரு தலைமுறையின் எதிர்காலத்தையே கேட்கிற அந்த வீட்டை இலவசம் என்று எப்படிச் சொல்வது?

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெருமழையில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் தாம் வாழும் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு இருந்ததா? எண்ணிப் பாருங்கள்!

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு அளிக்கும் கடமையை முதலாளி மீது சுமத்தியது. அக்காலத்திற்கு அது நன்மையே. எனினும் கொடுக்கப்படும் வீடு வேறு, சொந்த வீடு வேறு. கூலி உயர்வு கேட்கும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் வீடு முதற்கோரிக்கையாக வேண்டும். உழைத்தவர் பெயரில், பாதுகாப்பான நிலத்தில், ஓய்வுக்குப் பின்னும் நிலைக்கும் வீடு.

மாணவ நண்பர்களே! போனசுக்காக ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தவர்கள், வீட்டுக்காகவும் அமரத் தயங்கமாட்டார்கள். அன்று அவர்கள் பக்கம் நிற்க நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?